ஐந்து வருட ரஸ்ட்: போன செக் திரும்பி வந்ததை யாரும் சொல்வதில்லை

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, அரேயைத் தொடுற இடத்துல எல்லாம் கெட் அன்செக்டு போட்டுட்டா வேகம் வந்துடும்ங்கிறாங்க. நீங்க அஞ்சு வருஷமா ரஸ்ட் எழுதுறீங்க, போட்டுடலாமா?" ரஸ்ட் ஒரு நிரல் மொழி; கெட் அன்செக்டு என்பது அரேயில் (வரிசையாக அடுக்கிய எண்களில்) கேட்ட இடம் உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்காமலே எடுத்துவிடும் வழி. ஒரு வரியில் பதில் அனுப்ப உட்கார்ந்தேன், முடியவில்லை. அதே வாரம்தான் நான் எப்போதோ நீக்கிவிட்டதாக நினைத்திருந்த ஒரு பவுண்ட்ஸ் செக் (கேட்ட இடம் அரேயின் நீளத்துக்குள் இருக்கிறதா என்ற சோதனை) திரும்பி வந்து என் இரண்டு இரவுகளைத் தின்றிருந்தது. அதனால் இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், படிப்பவர்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

ரஸ்ட் என்றால் என்ன, நினைவகப் பாதுகாப்பு என்றால் என்ன என்றெல்லாம் விரிவாக ஆரம்பிக்கப் போவதில்லை. நான் எழுதி வைத்திருப்பது ஸ்கேன் செய்த பழைய பக்கங்களின் கறையை நீக்கும் நிரல். பக்கத்தின் படம் ஒன்று, வெறும் பின்னணியின் படம் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிக்ஸல் பிக்ஸலாக எடுக்க வேண்டும். 300 டிபிஐ-யில் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்ஸல், ஒவ்வொன்றும் ஒரு பைட். முதலில் எழுதியது எல்லோரும் எழுதுவதுதான்: வரியின் நீளம் வரை ஐ என்ற எண் ஓடும், வெளியீட்டு வரியின் ஐ-ஆவது இடத்தில் மற்ற இரண்டு வரிகளின் ஐ-ஆவது இடங்களின் வித்தியாசத்தை வைக்கும். இந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஓடுவது வெளியீட்டு வரியின் நீளத்துக்கு என்பதால் அதற்கான செக்கைக் கம்பைலர் (நிரலைப் பிராஸஸரின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தானே தூக்கிவிடுகிறது. மற்ற இரண்டின் நீளம் அதற்குத் தெரியாது, ஆகவே அந்த இரண்டு செக்கும் அப்படியே நிற்கும். ஒரு பக்கத்துக்கு 1 கோடியே 74 லட்சம் தேவையில்லாத ஒப்பீடு.

ஒப்பீட்டை எண்ணிப் பயப்படுவது தப்பு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒரு ஒப்பீடு, ஒரு தாவல், அந்தத் தாவல் ஒருபோதும் நடக்காது என்று பிராஸஸரே சீக்கிரம் கற்றுக்கொள்கிறது, அதற்குச் செலவு சொற்பம். கூகுள் தன் சி++ நிரல்களில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் எல்லைச் சோதனைகளைப் பரவலாகப் போட்டுவிட்டு 2024-இல் சொன்ன கணக்கு, சராசரியாக 0.3 சதவீத வேக இழப்பு. அவ்வளவுதான். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. செக் இல்லாத லூப்பைக் கம்பைலர் வெக்டராக்கும், அதாவது 128 பிட் ரெஜிஸ்டரில் (பிராஸஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தில்) 16 பைட்டை ஒரே கட்டளையில் கழிக்கும். செக் இருந்தால் அது முடியாது, ஏனென்றால் 2479-ஆவது இடத்தில் நிரல் பேனிக் ஆக (பிழையைச் சொல்லிவிட்டு நிற்க) வேண்டுமென்றால் அதற்கு முன்னுள்ள இடங்களில் எல்லாம் எழுதி முடித்திருக்க வேண்டும், பேனிக் செய்தியில் சரியாக 2479 என்றே வர வேண்டும். பதினாறைச் சேர்த்து எடுத்தால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது. ஆக, தடுப்பது செக் செய்யும் நேரம் இல்லை, பேனிக் ஆகும் இடம் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற விதி.

இதைப் புரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டியது இரண்டே வரி. லூப்புக்கு முன்னால், இரண்டு உள்ளீட்டு வரிகளையும் வெளியீட்டின் நீளத்துக்கு ஸ்லைஸ் (அந்த அளவுக்கு வெட்டிய துண்டு) எடுத்து, அதே பெயரில் புதிய வேரியபிளாக வைத்துக்கொள்வது. செக் வெளியில் இரண்டு முறை நடக்கும், உள்ளே ஒன்றும் இல்லை. முதல் தடவை அசெம்பிளியை (கம்பைலர் தரும் பிராஸஸர் கட்டளைகளின் பட்டியலை) திறந்து பார்த்தபோது, செக் தோற்றால் அழைக்கப்படும் பேனிக் பவுண்ட்ஸ் செக் என்ற பெயரே அந்தப் பகுதியில் காணாமல் போய், எக்ஸ்எம்எம் என்ற அந்த 128 பிட் ரெஜிஸ்டர்கள் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்கு இருக்கிறது. கம்பைலரின் பாதுகாப்பைத் தாண்டிப் போக எழுதும் அன்சேஃப் என்ற சொல் எங்கும் இல்லாமல், சி-யில் எழுதினால் வரும் அதே லூப்!

இன்னொரு சந்தோஷமும் சொல்லிவிடுகிறேன். பிக்ஸலின் பிரகாசத்தை மாற்ற 256 இடம் உள்ள ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். அட்டவணை 256 என்ற நீளத்தோடு டைப்பிலேயே இருக்கிறது, இண்டெக்ஸ் (இடத்தின் எண்) ஒரு பைட், பைட்டால் 255-ஐத் தாண்ட முடியாது. செக் தானாகவே போய்விடுகிறது. யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை.

இனி கோபம்.

அந்த அட்டவணையைப் போன மாதம் செட்டிங்ஸ் கோப்பிலிருந்து படிக்கும்படி மாற்றினேன், அதற்காக 256 நீள அரேயை வெக் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) ஆக்கினேன். உள்ளே இருப்பது அதே 256 எண்கள்தான். ஆனால் வெக்கின் நீளம் நிரல் ஓடும்போதுதான் தெரியும், கம்பைலருக்கு அது 256 என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் செக் திரும்பி வந்துவிட்டது. எச்சரிக்கை இல்லை, டெஸ்ட் எல்லாம் பச்சை, ஒரு கட்டுப் பக்கங்களுக்கு எடுக்கும் நேரம் மட்டும் கூடியிருந்தது, அதையும் நான் வட்டு மெதுவாகிவிட்டது என்று நினைத்து ஒரு இரவு முழுக்க அங்கேயே தேடினேன். மறுநாள் இரவு ஃபங்ஷன் வேறொன்றுக்குள் கரைந்துவிடாதபடி அதற்கு இன்லைன் நெவர் போட்டு, அசெம்பிளியைக் காட்டும் கார்கோ ஷோ ஏஎஸ்எம் ஓட்டி, இருநூறு வரி அசெம்பிளியில் அந்தப் பழைய பெயரைத் தேடிப் பிடித்தேன். படித்து முடித்ததும் 256 நீள அரேயாக மாற்றி வைத்துக்கொள்ளும் ஒரே ஒரு வரி, தீர்ந்தது.

ஐந்து வருடமாக என் குறை இது ஒன்றுதான். "இந்த லூப்பில் செக் இருக்கக்கூடாது, இருந்தால் கம்பைல் ஆகாதே" என்று நிரலில் எழுதி வைக்க மொழியிலேயே ஒரு வழி இல்லை. நீக்குவது, ரஸ்ட் கம்பைலருக்குள் இருந்து நிரலை வேகப்படுத்தும் எல்எல்விஎம்-இன் தயவு. நீக்கினாலும் சொல்லாது, நீக்காவிட்டாலும் சொல்லாது. கோ மொழியில் ஒரு கம்பைலர் கொடி (கட்டளையோடு கொடுக்கும் விருப்பம்) இருக்கிறது, செக் பிசிஇ என்று கொடுத்தால் எந்தக் கோப்பில் எந்த வரியில் செக் மிச்சம் இருக்கிறது என்று எண்ணோடு அச்சடித்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கோவின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே நான்கு பைட்டைச் சேர்த்து ஓர் எண்ணாக்கும் இடத்தில், முதலில் இண்டெக்ஸ் 3-ஐ (பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அதுதான் கடைசி பைட்) சும்மா ஒரு தரம் தொட்டுவிட்டு, இது கம்பைலருக்கான குறிப்பு என்று பக்கத்தில் கமெண்ட் எழுதியிருப்பார்கள். பெரியதைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழுள்ள மூன்று செக்கும் தேவையில்லை. ரஸ்டிலும் அதே தந்திரம் வேலை செய்யும், வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் அசெம்பிளிக்குப் போக வேண்டும். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், கோவின் வழக்கமான கம்பைலர் லூப்பைத் தானாக வெக்டராக்குவதில்லை, செக் போய்விட்டது என்று அறிவித்தாலும் ஒவ்வொரு பைட்டாகத்தான் போகும். இங்கே பதினாறு பதினாறாகப் போகிறது, வாயைத் திறப்பதில்லை.

என் பில்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துப் பார்த்தேன், முக்கியமான ஃபங்ஷன்களின் அசெம்பிளியில் அந்தப் பேனிக் பெயர் வந்தால் பில்ட் தோற்கும்படி. கொஞ்ச நாள் ஓடியது. ஃபங்ஷன் வேறொன்றுக்குள் இன்லைன் ஆன அன்று ஸ்கிரிப்டுக்குத் தேட எதுவும் கிடைக்கவில்லை, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவன் சொன்னதை இரண்டாவது வருடமே நான் செய்தேன். கெட் அன்செக்டு போட்டு, மேலே நீளத்தைச் சோதிக்கும் ஒரு டீபக் அஸர்ட்டும் வைத்தேன். ரிலீஸ் பில்டில் (உண்மையான பயன்பாட்டுக்குக் கம்பைல் செய்வதில்) டீபக் அஸர்ட் காணாமல் போகும், என் டெஸ்ட் படங்கள் எல்லாமே ஒரே அளவாக வெட்டியவை, ஒருநாளும் அது அலறவில்லை. அப்புறம் ஒரு கட்டில் பின்னணிப் படங்கள் 2479 அகலத்தில் வந்தன, ஒரே ஒரு பிக்ஸல் குறைவு. நிரல் விழவில்லை. பக்கங்களின் வலது ஓரத்தில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு. ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்தேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், ஒரு வாரம் போனது. வரிகள் எல்லாம் ஒரே வெக்கில் அடுத்தடுத்து இருப்பதால், இல்லாத 2480-ஆவது பிக்ஸலுக்குப் பதிலாக அது அடுத்த வரியின் முதல் பிக்ஸலை எடுத்துக் கழித்துக்கொண்டிருந்தது. கடைசி வரியில் மட்டும் அடுத்த வரி இல்லை, எனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் ஒரு பைட்டைப் படித்துக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்சேஃபை எடுத்துவிட்டுச் சாதாரண இண்டெக்ஸைப் போட்டு ஓட்டினேன், முதல் வரியிலேயே நின்றது: நீளம் 2479, இண்டெக்ஸ் 2479. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கடைசி இடம் 2478தானே. ஒரு வாரம் தேடியது ஒரு நொடியில் இரண்டு எண்ணாக வந்தது.

இண்டெக்ஸ் இல்லாமல் ஒவ்வொன்றாக எடுக்கும் ஐட்டரேட்டரையும், இரண்டு வரிகளை ஜோடி சேர்க்கும் ஸிப்பையும் போட்டால் செக் தானாகப் போகுமே என்று சிலர் சொல்வார்கள். போகும், நானும் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஸிப் குட்டையானது முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். அந்த 2479 பிரச்சினையில் கடைசி பிக்ஸல் தொடப்படாமலே போயிருக்கும், எனக்கு இன்னும் தெரிந்திருக்காது. முன்கூட்டியே ஸ்லைஸ் எடுக்கும் வழியில் நிரல் லூப்புக்குள் நுழையுமுன்பே, 2480 வரை கேட்கிறாய் 2479தான் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். வேகமும் கிடைக்கிறது, சத்தமும் கிடைக்கிறது. அதனால் நீளம் பொருந்தியே ஆக வேண்டிய இடங்களில் நான் ஸிப் போடுவதில்லை.

கணினி அறிஞர் டோனி ஹோர் 1980-இல் டூரிங் விருது (கணினித் துறையின் பெரிய விருது) உரையில் ஒரு விஷயம் சொன்னார். அறுபதுகளில் அவர்கள் செய்த அல்கால் என்ற மொழிக்கான கம்பைலரில் ஒவ்வொரு அரே இண்டெக்ஸும் ஓடும்போது சோதிக்கப்பட்டது. வேகத்துக்காக இதை அணைக்கும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்களாம், ஒருமித்து வேண்டாம் என்றார்களாம். இன்றைய கைபேசிக்குப் பக்கத்தில் வர முடியாத கணினியில் வேலை செய்தவர்கள் அவர்கள். இதைத் தம்பிக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.

கெட் அன்செக்டு வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ரஸ்டுக்கு வரலாமா என்றும் அவன் கேட்டிருந்தான், அதற்கு என்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. மேலே இவ்வளவு புகழ்ந்தும், அசெம்பிளியைத் திறந்து படிக்கப் பொறுமை இல்லையென்றால் இந்த மாதிரி வேலைக்கு இதை எடுக்காதே என்றுதான் எழுதினேன். இரண்டு இரவு தூங்காதவனின் பதில், அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

பக்கத்துப் பிக்ஸல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் லூப்பில் ஐ கழித்தல் ஒன்றுக்கான செக் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தும் அது போகவில்லை. நேற்று அதை அப்படியே விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று பக்கத்தில் ஒரு கமெண்ட் எழுதி மூடினேன்.