வெங்காய விதை வாங்கும் முன்: எந்தப் பகல் நீளத்துக்கான ரகம் என்று கேளுங்கள்

"எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது, முளைப்புத்திறன் அதிகம்" என்று சொல்லி என் தலையில் கட்டிய வெங்காய விதை, சொன்னபடியே நன்றாக முளைத்தது. நாற்றிலும் குறை சொல்ல முடியாது. நட்ட பிறகு தாள் கருகருவென்று வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. வெங்காயம் முற்றினால் தாள் சாய வேண்டும்; அறுவடைக் காலம் தாண்டியும் ஒரு தாள்கூடச் சாயவில்லை. பிடுங்கிப் பார்த்தால் அடியில் தடித்த கழுத்து மட்டும்தான், வெங்காயம் திரளவே இல்லை.

கடைக்காரரிடம் போனேன். "முளைச்சுதா இல்லையா? அப்போ விதை நல்ல விதைதான். நீங்க யூரியாவை அள்ளிப் போட்டிருப்பீங்க" என்றார். தழைச்சத்து மிஞ்சினால் வெங்காயம் முற்றத் தாமதமாகும், கழுத்தும் தடிக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. ஆனால் உரம் எட்டாத வரப்போரச் செடிகளிலும் இதே கதை. பக்கத்து வயலில் அதே சமயத்தில் நட்ட வேறு ரகம் அழகாகத் திரண்டிருந்தது.

விஷயம் வேறு. வெங்காயம் திரளத் தொடங்குவது பகல் நீளத்தைப் பார்த்து. குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரப் பகல் போதும். இடைப்பட்டவற்றுக்கு 12 முதல் 14 வேண்டும். நெடும்பகல் ரகங்களுக்கோ 14 மணி நேரமாவது ஆக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 15 பாகைக்குள் இருக்கும் நிலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணியை ஒட்டித்தான் வரும். அங்கே நெடும்பகல் ரகத்தை நட்டால், என்ன பாடுபட்டாலும் தாள் மட்டும்தான். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது தலைகீழ்: குறும்பகல் ரகத்தை வசந்தத்தில் விதைத்தால், செடி வளரும் முன்பே திரண்டு கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும்.

எனக்குத் தந்தது பெரிய டின்னிலிருந்து பிரித்துக் கடைக் கவரில் போட்ட விதை. கவரில் "உயர்விளைச்சல் வெங்காயம்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சண்டை போட்டு அந்த டின்னை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் நெடும்பகல் ரகம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது! தயாரித்தவர் மறைக்கவில்லை, பிரித்து விற்றவர்தான் மறைத்தார்.

முளைப்புத்திறன் என்பது விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதற்கான கணக்கு மட்டுமே. உங்கள் ஊர்ப் பகலுக்கும் வெயிலுக்கும் அது விளையுமா என்பதை அந்த எண் சொல்லாது. காலிஃபிளவரிலும் இதே தில்லுமுல்லு நடக்கிறது. குளிர் கேட்கும் ரகத்தை வெப்பமான இடத்தில் விற்றால் இலை வரும், பூ வராது.

பிரித்த விதையைத் தொடாதீர்கள். ரகப் பெயர், லாட் எண் (எந்தத் தொகுதி விதை என்பதற்கான எண்), முளைப்புச் சோதனை செய்த தேதி உள்ள மூடிய பாக்கெட்டாகக் கேளுங்கள். வெங்காய விதை ஓரிரு ஆண்டில் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் தேதி முக்கியம். பில்லில் வெறும் "வெங்காய விதை" என்று எழுதினால் ரகப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். என் பில்லில் அது இல்லாததால்தான் கடைக்காரர் இன்றுவரை "அது நான் கொடுத்த விதையே இல்லை" என்று சாதிக்கிறார். ஒரு பிடி விதையையும் காலி பாக்கெட்டையும் அறுவடை வரை எடுத்து வையுங்கள். ஏமாந்தது தெரிந்தால், வயலை உழுவதற்கு முன்பே வேளாண் அதிகாரியை அழைத்து நிற்கும் பயிரைக் காட்டி, அவர் பார்த்ததை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.