காந்தி நகரா, சத்துவாச்சாரியா, பாகாயமா, மதில் சூழ்ந்த முதியோர் குடியிருப்பா? வேலூரில் ஓய்வுக்கால வீடு: ஓர் அலசல்

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறு இன்னும் பெரும்பாலும் மணல்தான். அப்படியிருந்தும் ரிட்டயர் ஆனவர்கள் இங்கே வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்ற பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் திருப்பதியும் கைக்கெட்டும் தூரம். வருகிறவர்கள் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பக்கம், பாகாயம்–ஓட்டேரி பக்கம், ஊருக்கு வெளியே முதியோருக்கென்றே மதில் கட்டி விற்கும் குடியிருப்பு.

விளம்பரத்தில் நீச்சல் குளம், நடைபாதை, தியான மண்டபம் எல்லாம் வரும். அறுபத்திரண்டு வயதில் வாங்குகிறவருக்கு அவை கண்ணில் படும். வீட்டை எடை போட வேண்டியது எண்பத்திரண்டு வயதுக்கு. அந்த வயதில் தேவைப்படுவது மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் மெடிக்கல் ஷாப், ரத்த சாம்பிள் எடுக்க வீட்டுக்கு வரும் லேப், கேரியர் சாப்பாடு போடும் மெஸ், ராத்திரி கூப்பிட்டால் வரும் ஆட்டோ, தூக்கிவிட ஓர் ஆள். இவை எதுவும் கட்டடத்தோடு சேர்ந்து வருவதில்லை. போதுமான வீடுகள் நிரம்பிய இடத்தைத் தேடித் தாமாக வருகின்றன.

காந்தி நகரில் அது எப்போதோ நடந்துவிட்டது. நேர்நேரான தெருக்கள், பழைய தனி வீடுகள், பென்ஷன்காரர்கள் நிறைந்த குடும்பங்கள். காலையில் காட்பாடி உழவர் சந்தையில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கும். அதுவும் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. மாவு மில், இஸ்திரி கடை, பல் டாக்டர், வங்கி எல்லாம் ஆட்டோ தூரத்துக்குள். வாரியார் சுவாமிகள் பிறந்த காங்கேயநல்லூர் பக்கத்தில் இருப்பதால் கோயிலும் சொற்பொழிவும் தேடுகிறவர்களுக்குக் குறை இல்லை. முதியோர் குடியிருப்பு என்று பெயர்ப்பலகை வைக்காத முதியோர் குடியிருப்பு இது.

இதன் குறை, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பது. மாணவர்களும் ஊழியர்களும் தேடி வருவதால் வாடகை ஏறிவிட்டது. தரைத்தள வீடு காலியானால் உரிமையாளர் அதைக் கடைக்கு விடப் பார்க்கிறார். வயதானவருக்கு வேண்டிய தரைத்தளமே சந்தையில் முதலில் மறைகிற தளம். மாடிவீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து, முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படியேற முடியாமல் மறுபடி வீடு மாற்றியவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று பாலாற்றுப் பாலம். ஊருக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக அதைத் தாண்டியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஓ.பி. (வெளிநோயாளி) நேரம் எட்டு மணி என்றால் ஏழு மணிக்கே பாலம் தாண்டிவிடுவது நல்லது.

சத்துவாச்சாரியின் கணக்கு 2022இல் மாறியது. அந்த ஆண்டு சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் செயல்படத் தொடங்கிப் பல சிறப்புப் பிரிவுகள் அங்கே போயின. சத்துவாச்சாரியிலிருந்து அந்த வளாகம் ஊருக்குள் நுழையாமலே தேசிய நெடுஞ்சாலையில் நேர் கிழக்கே இருக்கிறது. பாகாயத்திலிருந்து போகிறவர் ஊர் முழுவதையும் கடந்தாக வேண்டும். “சி.எம்.சி. பக்கத்தில் வீடு” என்று தரகர் சொன்னால் எந்த சி.எம்.சி. என்று கேளுங்கள்: ஊருக்குள் இருப்பதா, பாகாயமா, ராணிப்பேட்டையா? உங்கள் வியாதி எந்த வளாகத்தில் பார்க்கப்படுகிறது, அவசரத்துக்கு எங்கே போக வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு, உங்கள் நோயாளிப் பதிவு எண்ணோடு சேர்த்து ஒரு சீட்டில் எழுதி வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் தப்பான வளாகத்துக்குப் போய் அரைமணி நேரம் வீணாகக் கூடாது.

கலெக்டர் அலுவலகம் சத்துவாச்சாரியிலேயே இருப்பது பென்ஷன், பட்டா, சான்றிதழ் வேலைகளுக்குச் சௌகரியம். ஆனால் நெடுஞ்சாலை அந்தப் பகுதியை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் உங்களுக்குப் பிடித்த மெடிக்கல் ஷாப் என்றால் கைத்தடியோடு அதைக் கடக்க முடியாது. அந்தக் கடை உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும்போதே சாலைக்கு எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் என்னென்ன கடை என்று நடந்து பார்த்துவிட வேண்டும். மலையடிவாரத் தெருக்களில் ஏற்றம் உண்டு. வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்துவிட்டால் அந்த ஏற்றமே சிறை.

பாகாயம் பக்கம் மரநிழல் இருக்கிறது, சத்தம் குறைவு, வீட்டு மனைகள் பெரியவை. பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சி, மனநலம், மறதி நோய் போன்றவற்றுக்குத் தொடர்ந்து போக வேண்டியவர்களுக்கு இதுதான் சரியான இடம், ஏனென்றால் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையமும் மனநல மையமும் அங்கேதான் இருக்கின்றன. இன்னும் தெற்கே போனால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் ஆஸ்பத்திரி வழியாகவே ஓடும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்கள் இலவசமாகப் போகலாம். ஆனால் கடைகள் மெயின் ரோட்டை ஒட்டியே நின்றுவிடுகின்றன. உள்ளே தள்ளி இருக்கும் நகர்களில் இரவு ஒன்பதுக்கு மேல் ஆட்டோ பிடிப்பது சிரமம். தெரிந்த ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரின் எண்ணாவது கையில் இல்லாமல் அங்கே குடி போகாதீர்கள்.

இனி மதில் சூழ்ந்த குடியிருப்பு. கேட்டில் வாட்ச்மேன், லிஃப்ட், ஜெனரேட்டர், பொதுச் சமையல், 24 மணி நேர நர்ஸ். மேலே சொன்ன மூன்று இடங்களிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது, அதுதான் ராத்திரிக்குத் துணை. தனியாக இருக்கும் பெண்ணுக்கோ, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிக்கோ அதற்கு விலையே இல்லை. ஆனால் அந்தத் துணை நிலைக்குமா என்பதை அங்கே எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரம் 48 மணி நேரம் வேலை செய்வார். ஆக மூன்றரைப் பேர், அதாவது குறைந்தது நான்கு பேர். லீவு, திருவிழா என்றால் ஐந்தாவது ஆளும் தேவை. ஒருவர் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்தால் நால்வருக்கு மாதம் 72,000. 200 வீடுகள் நிரம்பியிருந்தால் வீட்டுக்கு 360 ரூபாய். 50 வீடுகளில்தான் ஆள் இருக்கிறார்கள் என்றால் 1,440. சமையல்காரர், டிரைவர், எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் இதே வாய்ப்பாடுதான். விற்பனை முடியும்வரை பில்டர் கைக்காசு போட்டு நடத்துவார். அவர் கணக்கை முடித்து வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைத்ததும் முதலில் இரவு நர்ஸ் பகல் நர்ஸ் ஆவார், பிறகு “கூப்பிட்டால் வரும்” நர்ஸ் ஆவார். உள்ளே திறந்த மெடிக்கல் ஷாப்பின் கதியும் அதுதான். பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் இல்லாமல் கடை நடத்தக்கூடாது; ஐம்பது வீட்டு வியாபாரம் அவர் சம்பளத்துக்கே காணாது. காந்தி நகரில் அதே கடை தெருவுக்குத் தெரு தழைக்கிறது.

ஆகவே போய்ப் பார்ப்பதென்றால் ஞாயிறு பகலில் போகாதீர்கள், அன்று மாடல் ஃபிளாட்டும் கேசரியும் காத்திருக்கும். வார நாளில் இரவு எட்டு மணிக்குப் போய் ஜன்னல் விளக்குகளை எண்ணுங்கள். விற்ற வீடு வேறு, குடியிருக்கும் வீடு வேறு. பிள்ளைகள் முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிவைத்த வீட்டிலிருந்து பராமரிப்புப் பணம் வரலாம், ஆனால் அங்கே சாப்பிட ஆள் வராது. சமையலறையில் அன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று நேராகச் சமையல்காரரையே கேளுங்கள். மேனேஜரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் காவிரிக் கூட்டுக் குடிநீர் தினமும் வராவிட்டாலும் முறை வைத்தாவது வரும். எல்லைக்கு வெளியே கட்டிய குடியிருப்பு போர்வெல்லையும் லாரியையும் நம்பியிருக்கும். 100 வீடு, வீட்டுக்கு இருவர், தலைக்கு 135 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 27,000 லிட்டர். போர் வற்றினால் 12,000 லிட்டர் லாரி தினமும் இரண்டு நடைக்கு மேல் வர வேண்டும். அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். தண்ணீரைச் சோதிப்பதென்றால் மழை ஓய்ந்த டிசம்பரில் வேண்டாம், மே மாதத்தில் எடுங்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. கடினத்தன்மைக்கு அதே போல 200, 600. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவின் பழைய கதை இருப்பதால் ராணிப்பேட்டைப் பக்கம் வாங்குகிறவர்கள் குரோமியத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. உப்புத் தண்ணீரில் கீஸர் காயில் ஓராண்டுக்குள் சுண்ணாம்பு பூத்துவிடும். “சாஃப்டனர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) இருக்கிறது” என்றால் அதற்கு உப்பு போடுவது யார் என்று கேளுங்கள். போடாத சாஃப்டனர் வெறும் தொட்டி.

வெயில் நான்கு இடத்துக்கும் பொது. மேற்குச் சுவர் திறந்த மேல்மாடி ஃபிளாட்டை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் அந்தச் சுவர் ராத்திரி பன்னிரண்டுக்கும் சுடும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஒரு பிளக்குக்காவது வருமா? மூச்சுக்கு ஆக்ஸிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைத்த வீட்டு இன்வெர்ட்டர் அதை மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். லிஃப்டில் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆறு பேர் லிஃப்டில் ஸ்டிரெச்சரைப் படுக்கைவாக்கில் ஏற்ற முடியாது, நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்குவார்கள். இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு அது நரகம். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆறடியில் முடித்திருப்பார்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஸ்கூட்டர்தான் ஏறும்.

பணத்தில் வாங்கும் விலையைவிட மாதக் கட்டணம்தான் கடிக்கும். இன்று 10,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு என்றால் பத்தாண்டில் 21,600க்குப் பக்கம். சங்கம் தன் உறுப்பினரிடம் வசூலிக்கும் பராமரிப்பில் மாதம் 7,500 வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அதைத் தாண்டினால் கூடுதலான தொகைக்கு மட்டுமே வரி என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே சேவைக்கு பில்டரின் நிறுவனம் பில் போட்டால் இந்த விலக்கு இல்லை, முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 வரை, பதிவுக் கட்டணம் 2 வரை, ஆக 9 சதவீதம் வரை தனியாக எடுத்துவையுங்கள். எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் இருந்தாக வேண்டும். வீடு ஒப்படைத்து ஐந்தாண்டு வரை கட்டமைப்புக் குறையை பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது அந்தச் சட்டம் கொடுக்கும் உரிமை.

எங்கள் தீர்ப்பு இது: இருவரும் நடமாட்டத்தோடு இருந்தால் காந்தி நகரில் தரைத்தள வாடகை வீடு. இதயம், நரம்பு என்று பெரிய சிகிச்சை தொடர்ந்தால் சத்துவாச்சாரி, கடைகள் இருக்கும் பக்கம். பக்கவாதம், மறதி என்றால் பாகாயம். தனியாள் என்றால் மதிலுக்குள், ஆனால் விளக்கு எண்ணிய பிறகு. எதுவானாலும் முதலில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு, நடுவில் ஒரு மே மாதம் வரும்படி.

மதிலுக்குள் கிரயம் இல்லாமல் டெபாசிட் கட்டி ஆயுள்கால லீஸ் எடுப்பதாக இருந்தால் பத்திரத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். தம்பதியில் ஒருவர் காலமானால் மற்றவர் அதே கட்டணத்தில், அதே வீட்டில் தொடரலாமா? படுத்த படுக்கையானால் வெளியேறச் சொல்வார்களா, அதை யார் முடிவு செய்வது? டெபாசிட்டில் எவ்வளவு கழித்து, எத்தனை நாளில், யார் பெயருக்குத் திரும்பும்? “அடுத்தவர் குடி வந்த பிறகு திருப்பித் தரப்படும்” என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல், தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.