கிளிநொச்சி ஆங்கில வகுப்பு: படிப்பு நல்லம், படிவம்தான் எரிச்சல்

முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் கோட்டை விட்ட பிறகுதான் இந்த வகுப்புக்குப் போனேன். அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். நான் முல்லைத்தீவில் உயர்தரம் வரை தமிழில் படித்தவன். கிளிநொச்சி ரவுணில் ஏ9 வீதியோரமாக ஒரு மாடியில் நடக்கிறது, மூன்று மாதத்துக்கு 18,000 ரூபா. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

முதல் நாளே ஒரு படிவம் தந்தார்கள். பெயர், பாடசாலை, அப்புறம் இனம், மாவட்டம், உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளி, எந்த ஒதுக்கீட்டில் கம்பஸ் கிடைத்தது. இங்கிலீஷ் படிக்க இதெல்லாம் எதற்கு? பொறியியல் மாதிரிப் பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘பின்தங்கிய’ என்று என் கையாலேயே எழுதி மை காய முன்னமே தரம் பிரிக்கும் கேள்வித்தாள் வந்துவிட்டது. 40க்கு 17.

அமெரிக்காவில் ஸ்டீல், அரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கஷ்டமான சோதனைக்கு முன் இனத்தைக் குறிக்கச் சொன்னால் கறுப்பின மாணவர்களின் புள்ளி இறங்கியது, கேட்காமல் விட்டால் அப்படி இறங்கவில்லை. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை என்பதும் உண்மை. என் 17க்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு டென்ஸும் ஒழுங்காகத் தெரியாது. ஆனாலும் அந்தப் படிவத்தைச் சோதனை முடிந்த பிறகு தரலாமே.

சரி, வகுப்புக்கு வருவோம். மிஸ் அருமை. இரண்டாம் கிழமை என்னைப் பொலநறுவைப் பொடியன் ஒருவனோடு சோடி சேர்த்து, குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று விளக்கச் சொன்னார். நான் இரணைமடுவை நினைத்துக்கொண்டு மதகை ‘துருசு’ என்கிறேன், அவன் பராக்கிரம சமுத்திரத்தை நினைத்து அதையே சிங்களத்தில் ‘சொரொவ்வ’ என்கிறான், இரண்டு பேருக்கும் ஆங்கிலச் சொல் வரவில்லை. கொப்பியில் படம் கீறி, கையைக் காலை ஆட்டி, உடைந்த இங்கிலீஷில் அரை மணித்தியாலம் கதைத்தோம். தமிழ்ப் பொடியனோடு விட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தமிழுக்குத் தாவியிருப்பேன். பிறகு கதைக்கும்போதுதான் தெரிந்தது, பொலநறுவையும் அதே பட்டியலில் இருக்கிறதாம், அவனும் அந்தப் படிவத்தில் அதே சொல்லைத்தான் எழுதியிருக்கிறான். அவனுக்கு 16.

ஒரு குறை, மிஸ் இலக்கணத்தைத் தமிழில் விளக்குவார். எங்களுக்கு அது பெரிய உதவி, தமிழ் விளங்காத பொலநறுவைப் பொடியனும் அவனோடு கூட வந்தவனும் அந்த நேரம் ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். பாதி நாள் இடைவேளையில் அவர்களுக்கு நான்தான் திரும்பச் சொன்னேன். சொல்லிச் சொல்லியே எனக்கும் பாடமாகிவிட்டது.

சேருவதென்றால் சனிக்கிழமை காலைப் பிரிவைக் கேளுங்கள். பின்னேரம் தகரக் கூரை அனலாகக் கொதிக்கும், கரண்ட் போனால் ஃபானும் இல்லை.