கோலாலம்பூர் – பினாங்கு: டிக்கெட்டில் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து நான்கு

கோலாலம்பூர்க்காரர்கள் பினாங்குக்குப் பறக்க இரண்டு விமான நிலையங்கள்: சுபாங், கே.எல்.ஐ.ஏ. சுபாங்கிலிருந்து பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து என்றால் 325. விமான அட்டவணையில் இரண்டுக்குமே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கும். சுபாங்கில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 காற்றாடி விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம். ஏ320 ஜெட் 800ஐத் தாண்டும். ஆனாலும் இந்தத் தடத்தில் ஜெட்டின் வேகம் பெரிதாக உதவாது. மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, கே.எல்.ஐ.ஏ.வில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே சில நாள் கால் மணி நேரம் பிடிக்கும். அட்டவணை நேரத்தில் அதுவும் சேர்த்திதான்.

அதனால் விமானத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள், வீடு எங்கே என்று பாருங்கள். கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்குச் சுபாங்தான் லாபம். முனையம் சின்னது, நடை குறைவு. ஆனால் வாசல்வரை ரயில் இல்லை. மாலை ஜம்மில் கிராப் வாடகைக் கார் மாட்டிக்கொண்டால் லாபமெல்லாம் போச்சு. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் வசதி: முனையம் 1க்கு 28 நிமிடம், முனையம் 2க்கு 33. எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாறி இறங்கினால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஏ.டி.ஆரில் ஏறும் வழி பின்கதவு. வரிசைக்கு இரண்டிரண்டு இருக்கை, நடு இருக்கைத் தொல்லை கிடையாது. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டுதான் சிறியது. ஜெட்டில் தாராளமாக நுழையும் சக்கரப்பெட்டி இதில் முக்கால்வாசி உள்ளே போய் நின்றுவிடும், தட்டின் மூடியைச் சாத்த முடியாது. துணிப்பை கொண்டுபோனால் அமுக்கி வைத்துவிடலாம்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் பிற்பகல் இடிமழை. மின்னல் எச்சரிக்கை வந்தால் தரைப் பணியாளர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பெட்டி ஏறாது, எண்ணெய் ஏறாது. வானம் வெளுத்த பிறகும் வரிசையில் நிற்கும் விமானங்கள் கிளம்ப நேரமாகும். ஒரே விமானம் நாள் முழுக்கப் போய்ப்போய் வருவதால், மதியம் விழுந்த தாமதம் இரவு வரை இழுக்கும். முக்கியமான வேலை என்றால் காலை விமானம்தான். போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். தெற்கிலிருந்து இறங்கும் நாள்களில் பினாங்கின் இரண்டாவது பாலம் அப்படியே கண்ணில் விழும்.

பாயான் லெப்பாஸிலிருந்து பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு இன்னும் 16 கிலோமீட்டர். காரில் அரை மணி, வேலை விடும் நேரத்தில் அதற்கும் மேல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகிறவர்கள் கணக்கே போடவேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில், காத்திருப்பு, பறப்பு, கிராப் எல்லாம் கூட்டினால் நான்கு மணி நேரம் நெருங்கிவிடும். இ.டி.எஸ். மின்சார ரயிலும், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான். அங்கிருந்து ஃபெரியில் ஏறினால் நேராக ஜார்ஜ்டவுன் துறைமுகம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை இருப்பவர் பறக்கலாம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர், டிக்கெட் கிடைத்தால், ரயிலேறலாம்.