உரக்கடைக் கல்லாவில் வைத்துப் பார்த்தால் எந்த நிர்வாகப் புத்தகம் தேறும்?

மன்னார்குடி, கும்பகோணம், பாபநாசம் பக்கம் உரக்கடை, அரவை மில், பாத்திரப் பட்டறை என்று அப்பாவின் தொழிலை எடுத்து நடத்துகிற இளைஞர்கள் கையில் இப்போதெல்லாம் நிர்வாகப் புத்தகங்கள் புழங்குகின்றன. பழக்கம், தலைமை, நேர மேலாண்மை என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. எதை முதலில் படிப்பது என்பதில்தான் குழப்பம்.

என்னைக் கேட்டால், முதலில் நம் ஊர்த் தொழிலின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும். இங்கே வருஷம் முழுக்க ஒரே மாதிரி நாள் கிடையாது. குறுவை நடவு, சம்பா நடவு, மேலுரம் போடும் நேரம், தை அறுப்பு என்றால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. நடுவில் வரும் மாதங்களில் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். ஒரு புத்தகம் சொல்லும் பழக்கம் இந்த இரண்டு காலத்திலும் நிற்கிறதா என்பதுதான் என் அளவுகோல். நான் உரக்கடைக்காரன் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

இன்று அதிகம் பேசப்படுவது 2018இல் வந்த ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்'. படிக்க எளிது, மறுநாளே செய்து பார்க்கலாம். தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷக் கடைசியில் 37 மடங்கு ஆகிவிடலாம் என்கிறார். கணக்கு சரிதான், ஆனால் மனுஷன் கூட்டு வட்டியில் வளர்கிறவன் இல்லை. அதை விட்டுவிட்டால் மற்றவை உருப்படியானவை. ஏற்கெனவே செய்கிற வேலையோடு புதிய பழக்கத்தைக் கோத்துவிடுவது, தொடக்கத்தை இரண்டு நிமிஷ வேலையாகச் சுருக்குவது இரண்டுமே கடையில் பலிக்கும். ராத்திரி கல்லா எண்ணி முடித்த கையோடு அன்றைய கடனைப் பேரேட்டில் ஏற்றுவது என்று கோத்துவிட்டால், துண்டுச் சீட்டுகள் சட்டைப் பையில் தங்காது.

சிக்கல் ஐப்பசியில் வரும். சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் யூரியா லோடு வந்து இறங்கினால், ஷட்டரை இழுத்து மூடுகிற வரைக்கும் ஆள் நிற்கும். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, அடுத்த நாளும் தவறவிடாதே என்கிறார் கிளியர். இங்கே சீசன் வந்தால் வாரக்கணக்கில் தவறும். மாசச் சம்பளக்காரருக்கு இந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடைக்காரருக்கு அது பாதிதான்.

பீட்டர் டிரக்கர் 1967இல் எழுதிய 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்' வேறு பக்கம் இழுக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் உன் நேரம் எங்கே போகிறது என்று எழுதிப் பார் என்கிறது. ராத்திரி ஞாபகத்திலிருந்து எழுதினால் செல்லாது, வேலை நடக்கும்போதே எழுத வேண்டும். அதையும் ஆயுள் முழுக்க எழுதச் சொல்லவில்லை; மூன்று நான்கு வாரம், வருஷத்துக்கு இரண்டு தடவை போதும் என்கிறார். நம் ஊருக்காகவே எழுதியது போல இருக்கிறது! நடவுக் கூட்டத்தில் ஒரு தடவை, வெயில் காலத்தில் ஒரு தடவை எழுதினால் இரண்டு முகமும் தெரிந்துவிடும்.

அப்படி எழுதியபோது என் கடையில் முதலில் மாட்டியது கைரேகை மிஷின். மானிய உரம் வாங்க ஆதார் எண்ணும் ரேகையும் வேண்டும். மண்ணிலேயே தேய்ந்த விரலை மிஷின் ஏற்காது. பெரியவர் வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், அப்புறம் அடுத்த விரல். கடைசியில் ஓடிபி கேட்டால், அது திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போனுக்குப் போகும். அவர் ஷிப்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். "கொஞ்சம் இருங்க தம்பி, சாப்பாட்டு நேரத்துல எடுப்பான்" என்று பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஒரு மூட்டைக்கு இத்தனை நேரம். இதை முதலாளியே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கொள்முதலையும் வசூலையும் யார் பார்ப்பது? மிஷினை ஒரு பையனிடம் முழுசாக விட்டுவிடலாம் என்பது நோட்டில் எழுதிய பிறகுதான் உறைக்கும். பழக்கத்தை மாற்றுவதற்கு முன்னால் எந்தப் பழக்கம் என்று தெரிய வேண்டும் இல்லையா? அந்த இடத்தில் டிரக்கர் கிளியரைத் தாண்டிவிடுகிறார். குறை என்றால், நடை வறட்சி. அவர் பேசுவதும் பெரிய நிறுவன அதிகாரியிடம். இருபது பக்கத்தில் கொட்டாவி வரும், பொறுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஸ்டீபன் கோவியின் ஏழு பழக்கங்கள் புத்தகம் 1989இல் வந்தது. அதில் கவலை வட்டம், செல்வாக்கு வட்டம் என்று இரண்டைப் பிரிக்கிறார். நாம் கவலைப்படுவது பெரிய வட்டம்; நம்மால் ஏதாவது செய்ய முடிவது உள்ளே இருக்கும் சின்ன வட்டம். டெல்டாவில் இதற்கு விளக்கமே தேவையில்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. தேதி நம் கையில் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து அணையின் நீர்மட்டத்தைப் பேசியே ஜூன் மாதத்தை ஓட்டிவிடலாம், பலர் ஓட்டுகிறார்கள். தண்ணீர் தாமதமானால் குறுவைப் பரப்பு சுருங்கும், டிஏபி உரம் தேங்கும் என்று கணக்குப் போட்டு, பாதி லோடு மட்டும் சொல்லிவைப்பது நம் கையில் இருப்பது. இந்த ஒரு கருத்துக்காகவே கோவியைப் படிக்கலாம்.

அவசரம், முக்கியம் என்று வேலைகளை நான்கு கட்டத்தில் பிரிக்கச் சொல்வதும் அவரே. முக்கியமானது ஆனால் அவசரமில்லாதது என்ற கட்டத்தில்தான் பழைய பாக்கியைச் சரிபார்ப்பது, மண் பரிசோதனைக்கு விவசாயிகளைத் தூண்டுவது எல்லாம் விழும். வாராவாரம் அதற்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறார். சீசனில் நடக்காது, பங்குனி, சித்திரைக்கு மொத்தமாகத் தள்ளிவைப்பதுதான் நடைமுறை. உங்கள் இறுதிச் சடங்கில் மற்றவர்கள் என்ன பேச வேண்டும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சியைத் தாண்டிவிடலாம். நம் ஊரில் யார் செத்தாலும் "தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்வார்கள்.

டேல் கார்னகியின் 1936ஆம் வருஷப் புத்தகமான 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்'இல் எனக்குப் பாதி தேவையில்லை. பேர் சொல்லிக் கூப்பிடு, அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேள் என்பதை டெல்டாக் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம். வாடிக்கையாளருக்கு எந்த வாய்க்கால் பாசனம், எத்தனை மா நிலம், மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார் என்பது வரைக்கும் தெரியும். நமக்கு வராதது கொடுத்த கடனைக் கேட்பது. முகம் முறியுமே என்று ஒத்திப்போட்டே வருஷம் போய்விடும். அதற்குக் கார்னகியின் பின்பகுதி உதவும். தப்பைச் சுற்றிவளைத்துச் சுட்டிக்காட்டு, எதிராளியின் மானத்தைக் காப்பாற்று என்கிறார். நாலு பேர் நிற்கும்போது "பாக்கி எப்பண்ணே தருவீங்க?" என்று கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். தனியாக இருக்கும்போது "கொள்முதல் நெலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிடுச்சாண்ணே?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே பேசுவார். ஆனால் அளவுக்கு மேல் புகழ்ந்தால் நம் ஆட்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001இல் வந்தது. தலைமைப் பண்பு பற்றி அது சொல்வது அழகு: நல்லது நடந்தால் ஜன்னல் வழியே மற்றவர்களைப் பார், கெட்டது நடந்தால் கண்ணாடியில் உன்னைப் பார். ஆனால் மாதிரி என்று காட்டிய 11 கம்பெனிகளில் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி 2008இல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான வீட்டுக்கடன் நிறுவனம் ஃபேனி மேயை அதே வருஷம் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. முதலில் சரியான ஆட்களை பஸ்ஸில் ஏற்று என்ற அறிவுரையும் இங்கே கஷ்டம். மச்சான் மகன் ஏற்கெனவே முன் சீட்டில் உட்கார்ந்திருப்பான். கடைசியாகப் படித்தால் போதும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே "எல்லாம் குறள்லயே இருக்கு" என்று ஒருவர் வருவார். இருக்கத்தான் செய்கிறது. பொருட்பாலின் 70 அதிகாரங்களில் காலமறிதல், வலியறிதல், தெரிந்து வினையாடல் என்று நிர்வாகம் கொட்டிக்கிடக்கிறது. யாரிடம் எந்த வேலையை விடுவது என்பதில் காலின்ஸைவிட வள்ளுவர் கச்சிதம். ஆனால் குறளை மனப்பாடமாகச் சொல்கிறவர் கடையிலும் பேரேடு மூன்று மாதம் பின்தங்கி நிற்பதைப் பார்க்கிறோம். எது சரி என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். திங்கள்கிழமை காலையில் எதிலிருந்து தொடங்குவது என்பதற்குக் கிளியரோ டிரக்கரோ வேண்டும்.

யூட்யூப் சுருக்கம் கேட்டால் போதாதா என்றால், கிளியருக்கும் கார்னகிக்கும் ஓரளவு போதும். டிரக்கருக்குப் போதாது, எழுதிப் பார்க்காவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே முதல் இடம் அவருக்குத்தான். அடுத்து கோவியின் அந்த இரண்டு பகுதிகள், கிளியர், கார்னகியின் பின்பாதி. படிக்க வசதியான காலம் தண்ணீர் இல்லாத கோடை. டிரக்கரின் முதல் இரண்டு அத்தியாயங்களை வைகாசி பாதிக்குள் முடித்துவிடுங்கள். நேரத்தைப் பற்றிப் பேசுவது இரண்டாவது அத்தியாயம். குறுவைக்கு முதல் உர லோடு இறங்குகிற அன்று நோட்டும் பேனாவும் கல்லாப் பெட்டி மேலேயே இருக்கட்டும்.