ஷார்ட்கோட்: விலை சரியாக வருகிறது, வெற்றுக் கட்டமும் கூடவே வருகிறது

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சொந்தமாக ஷார்ட்கோட் எழுதிப் பயன்படுத்தலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு அரிசி மண்டியின் தளத்தைப் பல வருடமாக ஷார்ட்கோட்டை நம்பித்தான் ஓட்டுகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பொன்னி, சீரகச் சம்பா, இட்லி அரிசி எல்லாவற்றுக்கும் விலை மாறிக்கொண்டே இருக்கும். விலை வர வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டுவைத்தால் போதும், தளத்தில் அந்த இடத்தில் விலை வந்துவிடும். அதுதான் ஷார்ட்கோட். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். 2008இல் வேர்ட்பிரஸ் 2.5 பதிப்போடு வந்த வசதி இது. 2018 டிசம்பரில் பதிவைப் பிளாக் என்னும் துண்டுகளாக அடுக்கும் பிளாக் எடிட்டர் வந்து எழுதும் முறையே மாறியபோதும் மண்டி விலைகள் அசையவில்லை. இந்த உழைப்புக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஷார்ட்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கோட் விடையைத் திருப்பித் தராமல் (ரிட்டர்ன்) நேரே அச்சிட்டால் (எக்கோ) வெளியீடு உள்ளடக்கத்துக்கு மேலே போய் உட்காரும். வேர்டிலிருந்து ஒட்டினால் வளைந்த மேற்கோள்குறி வந்து, ஷார்ட்கோட்டுக்குள் நாம் தரும் மதிப்பை, அதாவது அட்ரிபியூட்டைக் கெடுக்கும். இரண்டும் தெரிந்த கதை, தெரிந்துகொண்டால் தீர்ந்தது. தீராத தலைவலி, வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கும் டபிள்யூபி-ஆட்டோ-பி (wpautop).

வரி விட்ட இடத்தில் தானாகப் பத்தி டேக், அதாவது பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறி, போடுவது அதன் வேலை. வேர்ட்பிரஸ் இந்த வேலைகளை எண் வரிசையில் செய்யும், சின்ன எண் முதலில். அந்த வரிசையில் அது 10, ஷார்ட்கோட் 11. அதாவது நம் ஷார்ட்கோட் ஓடும்போது டேக் ஏற்கெனவே விழுந்திருக்கும். தனியாக நிற்கும் ஷார்ட்கோட்டைச் சுற்றி விழுந்ததை மட்டும் வேர்ட்பிரஸே எடுத்துவிடும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று அடைப்புக்குறி போட்டு நடுவில் உள்ளடக்கத்தை வைக்கும், திறந்து மூடும் வகையில்தான் வம்பு.

மூன்று அரிசிக்கு மூன்று பெட்டி, பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டில் ஒரே வரிசையில் வர வேண்டும். உள்ளே வரும் உள்ளடக்கத்தின் தலையில் பத்தியை மூடும் டேக் மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. திறக்காத பத்தியை மூடச் சொன்னால் பிரவுசர் ஒரு வெற்றுப் பத்தியை உண்டாக்கிக்கொள்ளும், எச்டிஎம்எல் விதி அது. கிரிட்டுக்கோ அதுவும் ஒரு பெட்டி. முதல் கட்டம் காலி, பொன்னி இரண்டாவதில், இட்லி அரிசி அடுத்த வரிசையில்! கோட் முழுக்கத் துருவினாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் பிழை கோடில் இல்லை.

ஆட்டோ-பியை 12க்குத் தள்ளிவிடு என்று பலரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். அப்புறம் ஷார்ட்கோட் தரும் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே டேக் விழும். அடியோடு நீக்கினால் பழைய பதிவுகளில் பத்திகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கைகொடுத்தது, எச்டிஎம்எல்லை நாமே எழுதப் பிளாக் எடிட்டரில் இருக்கும் கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக். அதற்குள் போட்டால் ஷார்ட்கோட் ஓடும், டேக் விழாது. ஷார்ட்கோட்டுக்கென்றே இருக்கும் பிளாக்கோ டேக்கைப் போட்டுவிடுகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இது கோபமூட்டுகிறது.

மண்டித் தளத்தில் ஷார்ட்கோட் அப்படியே இருக்கும், அதை எடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் புதுத்தளம் கட்டும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். ஒற்றை விலைக்குச் சரி, பெட்டி, பத்தி என்று உள்ளடக்கத்தைச் சுற்றிக்கட்ட பிளாக்காகவே எழுதிக்கொள்ளுங்கள். ஷார்ட்கோட்டைத் தரும் ப்ளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒருநாள் நிறுத்த நேர்ந்தால் விலை இருந்த இடத்தில் வாடிக்கையாளர் பார்ப்பது வெறும் அடைப்புக்குறியைத்தான்.