நூலில் லாட் கலந்து வந்தால் நஷ்டம் யார் தலையில்? பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடும் முன் படியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டுக்கு நடந்தது இது. மில் பெயரும் ஏஜெண்ட் பெயரும் இங்கே வேண்டாம். மாட்டிக்கொள்ளும் விதம் எல்லா மில்லிலும் ஒன்றுதான்.

30ஸ் கோம்டு ஹோசியரி நூல், 3,000 கிலோ. 30ஸ் என்பது கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெலிது என்ற எண்; எண் கூடினால் நூல் மெலிது. ஏஜெண்ட் போனில் ரேட் பேசி முடித்தார். யூனிட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பி.ஓ. போனது: கவுண்ட், கிலோ, ரேட், 30 நாள் பேமெண்ட். நூல் இரண்டு லோடாக இறங்கியது. இரண்டாவது லோடின் 1,500 கிலோவில் பைகளின் மேல் லாட் நம்பர், அதாவது ஒரே தொகுதியாக நூற்ற நூல் என்று காட்டும் எண், எல்லாம் ஒன்றாகவே இருந்தது. உள்ளே சில கோன்கள் (நூல் சுற்றிய கூம்புகள்) மட்டும் வேறு மிக்சிங்கில், அதாவது வேறு பஞ்சுக் கலவையில், ஓடியவை. நிட்டிங்கில் தெரியவில்லை, சாயம் போடாத கோராத் துணியிலும் தெரியவில்லை. நேவி ப்ளூ சாயம் ஏறி, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடிந்து வந்த பிறகுதான் ரோல் முழுக்கக் குறுக்கே கோடு கோடாகப் பட்டை நின்றது.

மில்லுக்குச் சொன்னதும் வந்த பதில், "இன்வாய்ஸ் பின்பக்கம் பாருங்க சார்." பின்பக்கம் பொடி எழுத்தில் ஐந்து வரி. புகார் 7 நாளுக்குள் எழுத்தில் வர வேண்டும். துணியாக ஓட்டிய நூலுக்குப் புகார் கிடையாது. மில்லின் பொறுப்பு நூல் விலையைத் தாண்டாது. பேமெண்ட் தாமதமானால் 24 சதவீதம் வட்டி. வழக்கு மில் இருக்கும் ஊர் கோர்ட்டில் மட்டும். ரொம்ப நெருக்கியதில் கிலோவுக்கு 5 ரூபாய் கழிவு தருகிறோம் என்றார்கள், அதாவது 7,500 ரூபாய். கிலோவுக்கு நூல் 270, நிட்டிங் 12, சாயமும் காம்பாக்டிங்கும் 110 என்று வைத்துக்கொண்டாலே அந்த 1,500 கிலோவில் போட்ட பணம் 5,88,000. ஆர்டர் கொடுத்த பையருக்குச் சரக்கு தள்ளிப்போனது தனி.

பட்டை ஏன் விழுகிறது என்பது தெரிந்தால்தான் பி.ஓ.வில் எதை எழுதுவது என்பது பிடிபடும். 30 இன்ச் டயா சிங்கிள் ஜெர்சி நிட்டிங் மெஷினில் 90 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) இருந்தால், ஒரே நேரத்தில் 90 கோன் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு கோனின் பஞ்சு முதிர்ச்சியோ முறுக்கோ மாறியிருந்தால் போதும், அந்த நூல் சாயத்தை வேறு மாதிரி குடிக்கும். 90 வரிசைக்கு ஒருமுறை கோடு திரும்பத் திரும்ப வரும். மில்காரர் முதலில் சொல்வது "உங்க மெஷின் டென்ஷன் கோளாறு" என்பதுதான். அதற்குப் பதில் சோதனையில் இருக்கிறது. சந்தேகக் கோனை வேறு ஃபீடருக்கு மாற்றி ஒரு துண்டு ஓட்டிச் சாயம் போடுங்கள். கோடு கோனோடு இடம் மாறினால் குற்றம் நூலில். பழைய ஃபீடரிலேயே நின்றால் மெஷினில். இதைச் செய்ய அந்தக் கோன் கையில் இருக்க வேண்டும். இந்த யூனிட்டில் காலிப் பேப்பர் கோன்களையும் பை ஸ்லிப்புகளையும் அன்றன்றே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே லாட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ஒரே சாட்சி அதோடு போய்விட்டது.

நூல் இறங்கிய அன்றே செய்ய வேண்டியவை பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கோன் எடுத்து இருட்டறையில் யூவி விளக்கின் கீழ் வரிசையாக வையுங்கள். வேறு மிக்சிங் கோன் தனியாக வேறு நிறத்தில் மினுங்கும். கவுண்ட், முறுக்கு வித்தியாசத்தை யூவி பிடிக்காது, அதனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அதே கோன்களை வைத்துச் சின்ன மெஷினில் அடுத்தடுத்து ஒரு சாண் ஓட்டி, அடர் நிறத்தில் முக்கிப் பாருங்கள். கவுண்டுக்கு ஒரு லீ, அதாவது 120 கஜம் எடை போடுங்கள். 30ஸ் என்றால் 2.16 கிராம். 2.23 கிராம் நின்றால் அது 29ஸ், 3,000 கிலோவில் 100 கிலோ அளவுக்கான நீளம் உங்களுக்கு வரவில்லை என்று பொருள். ஈரமும் இதே கதை. பருத்திக்கு வழக்கமான கணக்கு 8.5 சதவீதம். 10 சதவீதத்தில் அனுப்பினால் 3,000 கிலோவில் சுமார் 41 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். லாட்டுக்கு இரண்டு கோன் சீல் வைத்து, டிரைவர் கையெழுத்தோடு எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவுக்குச் சோதனைக்கு அனுப்ப அதுதான் கைகொடுக்கும்.

இனி காகிதம். 1930 சரக்கு விற்பனைச் சட்டப்படி, வந்த சரக்கை விற்றவருடைய உரிமைக்குப் பொருந்தாத விதத்தில் கையாண்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். நூலைத் துணியாக ஓட்டுவது அதில்தான் வரும். பிறகு திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். பார்த்தால் தெரியாத குறைக்கு அந்த உரிமை போகாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. "ஓட்டிய நூலுக்குப் புகார் இல்லை" என்ற பொடி எழுத்து வரிக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது. பேரம் முடிந்தபின் வரும் இன்வாய்ஸ் நிபந்தனை தானாக உங்களைக் கட்டாது. பி.ஓ.வில் எதுவும் சொல்லாமல், லோடுக்கு லோடு அதே இன்வாய்ஸில் சீல் குத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒத்துக்கொண்டீர்கள் என்று வாதாட அவர்களுக்கு வழி கிடைக்கிறது.

ஆகவே பி.ஓ.வில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: "இந்த பி.ஓ. நிபந்தனைகளே செல்லும்; இன்வாய்ஸில் அச்சிட்ட நிபந்தனைகள் எங்களைக் கட்டாது." மில்லின் கம்பெனி மெயிலிலிருந்து ஒப்புதல் வந்த பிறகே அட்வான்ஸ் போடுங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் "ஓகே" போதாது. அடுத்து லாட். "ஒரே லாட், ஒரே மிக்சிங், லாட் மாறினால் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." கவுண்ட் கூடுதல் குறைவு எத்தனை சதவீதம் வரை, ஈரம் எவ்வளவு, எடை பேப்பர் கோனும் பாலித்தீனும் போக நிகரமா என்பதும் எண்ணில் வர வேண்டும். "நல்ல தரம்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.

எல்லோரும் விட்டுவிடும் வரி இன்னொன்று. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, இயல்பாக வரும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு தரும். "இந்த நூல் அடர் நிறச் சாயத் துணிக்கு, ஏற்றுமதி ஆர்டருக்கு. லாட் கலப்பால் பட்டை விழுந்தால் நிட்டிங், சாயச் செலவும் மில் பொறுப்பு, சாயம் முடிந்து 15 நாள் வரை புகார் செல்லும்" என்று எழுதி வாங்கிவிட்டால் 110 ரூபாய் சாயக் கூலியைக் கேட்க நியாயம் இருக்கிறது. முழுப் பொறுப்புக்கு மில் ஒத்துக்கொள்ளாது. நூல் விலையோடு ப்ராசஸ் செலவில் பாதி என்று பேசிப் பார்க்கலாம். சரக்கு தாமதமாக வந்தாலும் அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு கவனம். வாங்கி வைக்கும்போதே "நஷ்டஈடு கேட்கும் உரிமையோடு பெறுகிறோம்" என்று நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பின்னால் கேட்க முடியாது.

மில்லுக்குப் பணத்தை நிறுத்திவிட்டால் வழிக்கு வருவார்கள் என்று நினைப்பவர்கள்தான் அடுத்த குழியில் விழுகிறார்கள். மில் உத்யம் பதிவில் (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமா என்று முதலில் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் 100 கோடி விற்றுமுதல், 25 கோடி முதலீடு வரை சிறு நிறுவனம்தான், பல நூல் மில்கள் இதற்குள் வந்துவிடும். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி அவர்களுக்கு 45 நாளுக்கு மேல் பேமெண்ட் தள்ள ஒப்பந்தத்தாலும் முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பேமெண்ட் தகராறைத் தீர்க்கும் வசதியாக்க கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக 75 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். வருமான வரியிலும் அந்தச் செலவு பணம் கொடுத்த வருடத்தில்தான் கழியும்.

போன் புகார் இங்கே ஒன்றுக்கும் உதவாது. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே அந்த 2006 சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தில் கொடுத்திருந்தால், மில் அந்தக் குறையைத் தீர்க்கும் நாளிலிருந்துதான் பேமெண்ட் நாள் கணக்கு ஓடும். யூவி சோதனையை இறங்கிய அன்றே செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். லாட் நம்பர், பை எண், படம், சோதனை முடிவு எல்லாம் போட்டு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். தகராறு இல்லாத தொகையைக் கொடுத்துவிட்டு, தகராறுள்ளதை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்திய தொகை 180 நாளைத் தாண்டினால் அதற்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டி வரும்.

கோர்ட் ஊர் வரியையும் அலட்சியம் செய்ய வேண்டாம். "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த ஊர்க் கோர்ட்தான் என்று 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.ஓ.வில் "திருப்பூர் கோர்ட்" என்று போட்டு ஒப்புதல் வாங்குங்கள். 3 லட்சத்துக்கு மேல் வணிக வழக்கு என்றால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை சமரசப் பேச்சு முடித்துத்தான் போக முடியும்.

கழிவுக்கு மில் சம்மதித்தாலும் வாய்வார்த்தையில் விடாதீர்கள். ஜிஎஸ்டி குறைய வேண்டுமானால் மில்தான் கிரெடிட் நோட்டு போட வேண்டும், உங்கள் டெபிட் நோட்டால் அது நடக்காது. சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரைதான் மில் அதை ரிட்டர்னில் காட்டி வரியைக் குறைக்க முடியும். அந்தத் தேதி தாண்டினால் "வரி போக மீதிதான் தருவோம்" என்று அதிலும் கழிப்பார்கள்.